சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்

திருப்புட்குழி ஜடாயு தீர்த்தப் படியில் உட்கார்ந்து தம்பியின் காகிதங்களைப் பார்த்தேன். துபாயில் வேலை, விசாவோ சுற்றுலா விசா. "போனதும் மாத்திக்கலாம்" என்றாராம் ஏஜென்ட். அப்பா தறியில் உட்கார்ந்து சேர்த்த பணம். நெஞ்சு பதறிவிட்டது.

தம்பி பத்தாவது தேறவில்லை. பாஸ்போர்ட்டில் 'இசிஆர்', அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை என்றிருக்கிறது. இப்படிப்பட்ட பாஸ்போர்ட் உள்ளவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அரசு அனுமதி வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீது வாங்குங்கள்.

பயணத்தை நிறுத்தினோம். இரண்டு நாள் தம்பி பேசவேயில்லை. மூன்றாம் நாள் அப்பாவுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தான். முறையான வேலை விசா வரட்டும்டா, விஜயராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு நானே வழியனுப்புகிறேன்.