டெட்லைன்



நம் காலேஜ் நோட்டீஸ் போர்டில் அடிக்கடி பார்க்கும் சொல் எது? 'டெட்லைன்'தான். ரெக்கார்டு நோட்டுக்கு டெட்லைன், பிராஜெக்டுக்கு டெட்லைன், பரீட்சை ஃபீஸுக்கும் டெட்லைன்!

போன செமஸ்டரில், "அப்பா, ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை டெட்லைன்" என்றேன். அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

"அப்படின்னா என்னடா?"

"டெட்னா செத்தது, லைன்னா கோடுப்பா."

"படிக்கிற எடத்துல சாவுக்கோடு எதுக்குடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் லைப்ரரியில் தேடினேன். அப்பா கேட்டது நியாயமான கேள்விதான்!

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-ல், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் என்ற ஊரில் தென் மாநிலப் படை ஒரு சிறைமுகாம் அமைத்தது. 10,000 பேருக்கான இடத்தில், அந்த ஆகஸ்டில் 30,000-க்கும் மேற்பட்ட வட மாநில வீரர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். சுற்றிலும் மரத்தாலான மதில். அதற்குச் சுமார் 19 அடி உள்ளே ஒரு சாதாரணக் கட்டை வேலி. அதைத் தாண்டினால் காவலர்கள் சுடுவார்கள். அதுதான் டெட்லைன்!

குண்டைவிட நோயும் பட்டினியும்தான் அங்கே அதிகம் பேரைக் கொன்றன. 14 மாதங்களில் அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்தார்கள். முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸ் 1865 நவம்பர் 10-ல் தூக்கிலிடப்பட்டார். பிறகு, 1920 வாக்கில், அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்தை இந்தச் சொல்லால் குறித்தார்கள். அப்படியே நம் நோட்டீஸ் போர்டு வரை வந்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். "நாங்களுந்தான் நூல் கட்டி வேலை பாக்குறோம். செவுரு நூலை விட்டு வெலகுனா இடிச்சிட்டுக் கட்டுவோம். அதுக்காக ஆளையா சுடுவாங்க?" என்றார்.

ஆனால் அப்பாவுக்குக் கூலி சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை என் கையில் பாதிப் பணமே இருந்தது. யாரிடமும் கேட்க வெட்கம். ஆபீஸ் ஜன்னலுக்குத் தள்ளி, தூணோரமாக நின்றேன். பக்கத்து பெஞ்ச் நண்பன் பார்த்துவிட்டு, "ஏன்டா நிக்கிற?" என்றான். சொன்னேன். பத்தே நிமிஷத்தில் நாலு பேர் பாக்கெட்டைத் துழாவி மீதியைச் சேர்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தேன்.

அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு செமஸ்டரே போயிருக்கும். நண்பர்களே, கையில் பணமில்லை என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். ஜன்னலோரம் யாராவது தயங்கி நின்றால், நீங்களே போய்க் கேளுங்கள்.

— இரண்டாமாண்டு மாணவன், சிவில் பிரிவு