பெயர்ப் பலகையும் கால அட்டவணையும்

ஆறாம் ஆண்டின் இறுதித் தவணை தொடங்கியதும் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் இல்லங்களில் ஒரே பேச்சு எழுகின்றது. பிள்ளையை எந்த இடைநிலைப்பள்ளியில் சேர்ப்பது என்பதே அப்பேச்சு. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. ஆயின், அரசின் கல்வி அமைப்பில் தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றேனும் இல்லை. ஆதலின், தமிழ்ப்பள்ளியில் பயின்ற ஒவ்வொரு பிள்ளையும் பயிற்றுமொழி மாறும் ஒரு வாயிலைக் கடந்தே தீரவேண்டும். அவ்வாயிலில் பிள்ளையுடன் வந்து நிற்கும் பெற்றோர் எதைப் பார்க்கின்றனர், எதைப் பார்க்கத் தவறுகின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சிற்றூரில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தந்தை லோரி ஓட்டுநர். தாய் தொழிற்சாலை ஊழியர். அவர்களுக்கு எட்டும் தொலைவில் மூன்று பள்ளிகள். பட்டணத்தின் நடுவே பழம்பெருமை வாய்ந்த பள்ளி ஒன்று. புதிய குடியிருப்பில் பெரிய கட்டடத்தோடு எழுந்த பள்ளி ஒன்று. தோட்டத்துச் சாலையோரம் சிறிய பள்ளி ஒன்று. மாவட்டக் கல்வி அலுவலகம் அருகிலுள்ள பள்ளியையே பெரும்பாலும் ஒதுக்கும். மாற்றம் வேண்டுவோர் காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம். தந்தையின் மனம் பட்டணத்துப் பள்ளியையே நாடுகிறது. அவருடைய முதலாளியும், ஊர் மருத்துவரும், வழக்கறிஞரும் அங்கே படித்தவர்கள். தன் மகளும் அந்தச் சீருடையை அணிய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அந்த ஆசையில் குறைகாண இயலாது. ஆயினும், பெயருக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை அறிதல் நலம். அத்தகைய பள்ளிகள் ஆங்கிலவழிப் பள்ளிகளாக இருந்து புகழ் ஈட்டியவை. 1970ஆம் ஆண்டு முதல் அவை ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தேசிய மொழிக்கு மாறின. 1982இல் ஆறாம் படிவம் வரை அம்மாற்றம் நிறைவுற்றது. மருத்துவரையும் வழக்கறிஞரையும் உருவாக்கிய பள்ளி அக்காலத்துப் பள்ளி. கட்டடம் அதுவே; வகுப்பறைக்குள் நிகழ்வது வேறு. நாட்டிலுள்ள தேசிய இடைநிலைப்பள்ளிகள் யாவற்றிலும் கலைத்திட்டம் ஒன்றே, எழுதும் எஸ்.பி.எம். தேர்வும் ஒன்றே. அவ்வாறாயின், பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு எங்கே இருக்கிறது? பிள்ளைகள் நடத்தப்படும் முறையில் இருக்கிறது. அது பெயர்ப் பலகையில் எழுதப்படுவதில்லை.

அடுத்துப் பெற்றோர் நோக்குவது தேர்வு முடிவு. எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றவர்களின் நிழற்படங்கள் பள்ளி வாயிலில் பதாகையாகத் தொங்குகின்றன. அவர்கள் பாராட்டுக்குரியவர்களே. எனினும், அந்தப் பதாகை சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அதே பள்ளியின் கடைசி வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை என்ன ஆயிற்று என்பதே அது. முன்னரே கெட்டிக்காரர்களாக வந்தவர்களைக் கெட்டிக்காரர்களாக வெளியே அனுப்புவது அரிய செயலன்று. திணறிக்கொண்டு வந்த பிள்ளையை ஐந்து ஆண்டுகளில் நிமிர்ந்து நிற்கச் செய்வதே பள்ளியின் திறம். ஆதலால், பள்ளிகளை ஒப்பிடும் பெற்றோர் முதல் வகுப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், கடைசி வகுப்பைப் பற்றி இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அங்கே ஆசிரியர் ஒழுங்காக வருகின்றாரா? கடந்த ஆண்டு அவ்வகுப்பிலிருந்து எத்தனை பேர் இடையில் நின்றனர்? விடை சொல்லத் தயங்கும் பள்ளியும், தயங்காமல் விடை சொல்லும் பள்ளியும் தம்மைத் தாமே காட்டிக்கொள்கின்றன.

தமிழ்ப்பள்ளியிலிருந்து செல்லும் பிள்ளைக்கு மற்றுமொரு சுமை உண்டு. ஆறு ஆண்டுகள் ‘பின்னம்’ என்று கற்றது ஒரே நாளில் ‘பெச்சாஹான்’ ஆகிறது; ‘பரப்பளவு’ ‘லுவாஸ்’ ஆகிறது. கணக்குத் தெரிந்த பிள்ளை கேள்வி புரியாமல் விழிக்கிறது. அதைக் காணும் ஆசிரியர் சிலர் பிள்ளைக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். தேசிய மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்களுக்கென ஓராண்டுப் புகுமுக வகுப்பு ஏற்படுத்தப்பட்டது இதனாலேயே. நல்ல ஆசிரியர் வாய்த்தால் அவ்வகுப்பு ஏணியாகிறது. கவனிப்பாரற்றுக் கிடந்தால் அதுவே காத்திருக்கும் கூடமாகிறது. ஆகவே, புதிய மாணவர்களை முதல் மூன்று மாதங்களில் எவ்வாறு அரவணைக்கின்றனர் என்பதைப் பெற்றோர் நேரில் சென்று வினவுதல் வேண்டும். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகு, இத்தனை ‘ஏ’ பெற்றவருக்கு இந்தப் பள்ளி என்ற பழைய அளவுகோலும் மறைந்துவிட்டது. அதனால் நேரில் கண்டறிவதன் தேவை இன்னும் மிகுந்துள்ளது.

மேற்கூறிய குடும்பத்தில் தாயின் கேள்விகள் வேறானவை. பள்ளிப் பேருந்து எத்தனை மணிக்கு வரும்? முதல் படிவம் காலைப் பள்ளியா, மாலைப் பள்ளியா? மாலைப் பள்ளியாயின், இருட்டும் நேரத்தில் மகள் எங்கே இறங்குவாள்? தந்தை இவற்றைச் சிறு விஷயங்கள் எனக் கருதக்கூடும். உண்மையில் இவை சிறியன அல்ல. நாள்தோறும் இரண்டு மணி நேரத்தைச் சாலையில் செலவிடும் பிள்ளைக்கு ஓர் ஆண்டில் இழப்பாகும் உறக்கமும் படிப்பும் கொஞ்சமன்று. புறப்பாட நடவடிக்கைகளுக்கு நின்றால் பேருந்து போய்விடும் என்று அஞ்சும் பிள்ளை, அப்பள்ளியில் படித்தும் பாதிப் பள்ளியையே பெறுகிறது.

இவை எல்லாவற்றையும் வினவிய பெற்றோரும் வினவ மறந்துவிடும் கேள்வி ஒன்று இருக்கிறது. இப்பள்ளியின் கால அட்டவணையில் தமிழ் இருக்கிறதா என்பதே அது. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் பள்ளியில் தமிழ் கற்பிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும், அதன்பின் வந்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்ற விதி. கேட்டால்தான் கிடைக்கும் உரிமை இது. கேட்பார் இல்லாத இடத்தில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பின்னரோ, சனிக்கிழமையிலோ ஒதுங்குகிறது. பிறகு ஆளின்றி நின்றுபோகிறது. 12 வயது வரை தமிழில் சிந்தித்த பிள்ளை, அதன்பின் தமிழில் ஒரு கட்டுரையும் எழுதாமல் வளர்கிறது.

இதன் விளைவு அப்பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் ஆகிய இரு பாடங்கள் உள்ளன. தமிழாசிரியர் பயிற்சிக்குச் செல்ல விரும்புவோர்க்கு அத்தேர்வில் தமிழில் நல்ல தேர்ச்சி வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இயங்கிவரும் இந்திய ஆய்வியல் துறையில் தமிழை ஆழ்ந்து கற்போரும் இந்த வழியாகவே வரவேண்டும். இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு வற்றினால், சில ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வரும் ஊற்றும் வற்றும். ஊற்று தூர்ந்தபின் கிணற்றைக் குறைகூறிப் பயனில்லை.

இங்கேதான் தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் கடமை தொடங்குகிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எவ்வெப்பள்ளிக்குச் செல்லவிருக்கின்றனர் என்பதை அவரே முதலில் அறிவார். ஒரே பள்ளிக்குச் செல்வோரின் பெற்றோரை ஓர் மாலை ஒன்றுகூட்டி, அவர்களின் ஒப்பம் பெற்று, புதிய பள்ளியின் முதல்வரிடம் விண்ணப்பத்தைச் சேர்ப்பிக்கச் செய்வது பெருஞ்செலவுடைய செயலன்று. ஒரு தமிழ்ப்பள்ளியில் 15 பேர் இல்லையெனில், அண்டையிலுள்ள மற்றொரு தமிழ்ப்பள்ளியின் எண்ணிக்கையைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் படிவத்தில் காலடி வைக்கும் மாணவரும், ‘எனக்குத் தமிழ் வகுப்பு வேண்டும்’ என்று தயங்காமல் கேட்கப் பழக வேண்டும்.

கடைத்தெருவில் துணி தெரிந்தெடுப்பது போலப் பள்ளியைத் தெரிந்தெடுக்க இயலாது. துணி வாங்கியவுடன் வேலை முடிந்தது. பள்ளியில் சேர்த்தவுடன் வேலை தொடங்குகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வந்து அமரும் தந்தையும், கடைசி வகுப்பைப் பற்றி விசாரிக்கும் தாயும், தமிழுக்காக ஒப்பமிடும் 15 குடும்பங்களும் சாதாரணப் பள்ளியையும் நல்ல பள்ளியாக்குவர். பெயர்ப் பலகையைப் படிப்பது எளிது. கால அட்டவணையைப் படிப்பதும், அதில் இல்லாததை இடம்பெறச் செய்வதுமே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமை.