வரைபடத்தில் மட்டும் ஓடும் ரயில்

எங்கட கூட்டத்தில் சிலருக்கு ஒரு வியாதி இருக்கு. வெளியூர் மெட்ரோ வரைபடங்களைத் தேடி எடுத்து, ஓடுகிற பாதைகளை விட்டுவிட்டு, புள்ளிக்கோடு போட்ட பாதைகளையே பார்த்துக்கொண்டிருப்போம். கட்டப் போறோம் எண்டு சொன்னவை.

எங்களுக்கு மிகவும் பிடித்தது லண்டனின் நோர்தேர்ன் லைன். 1930களின் கடைசியில், எட்ஜ்வேரைத் தாண்டி புஷி ஹீத் வரை மூன்று புது நிலையங்கள் வருவதாக வரைபடத்திலேயே அச்சடித்துவிட்டார்கள். பிறகு யுத்தம். ரயில் நிறுத்தக் கட்டிய டெப்போவில் குண்டுவீச்சு விமானம் செய்தார்கள். யுத்தம் முடிந்ததும் நகரைச் சுற்றிய பசுமை வலயக் கொள்கை இறுகி, அந்தப் பக்கம் புதுக் குடியிருப்புகள் வராது என்றாகிவிட்டது. வீடே வராத இடத்துக்கு ரயில் எதற்கு? நியூயோர்க்கிலும் இப்படித்தான். இரண்டாவது அவெனியூ சுரங்கப்பாதையைப் பற்றி 1920களிலேயே கதைத்தார்கள். 1972இல் தோண்டத் தொடங்கி, 1975இல் காசில்லாமல் நிறுத்தி, முதல் துண்டு திறந்தது 2017 ஜனவரி 1.

சிரிக்கலாம்தான். ஆனால் எங்களுக்கும் ஒரு புள்ளிக்கோடு இருக்கு. கோட்டையிலிருந்து மாலபே வரை, நிலத்துக்குக் கீழே இல்லை, தூண்களுக்கு மேலால், கிட்டத்தட்ட 16 கிலோமீற்றர், 16 நிலையங்கள். 2019 மார்ச்சில் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம்: வட்டி 0.1 வீதம், திருப்பிக் கட்ட 40 வருடம். 2020 செப்டெம்பரில் செலவு கூட என்று சொல்லி அரசாங்கம் நிறுத்தியது. இந்த வட்டிக்கு இனி யார் தருவார்கள் என்பதுதான் எங்கட வயிற்றெரிச்சல்.

எங்களில் மூன்று பேர் வெள்ளவத்தையில் அறை எடுத்து மாலபேக்குப் படிக்கப் போகிறவர்கள். 100 பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி, அங்கே இறங்கி 177. இராஜகிரியவில் நின்று, பத்தரமுல்லையில் நின்று, மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். கோட்டையில் ஏறினால் யாழ்ப்பாணம் வரைக்கும் ரயில் போகுது. மாலபேக்குத் தண்டவாளமே இல்லை.

போன மாதம் நாங்களே ஒரு வரைபடம் கீறிப் பார்த்தோம். முதல் சுற்றில் எல்லாருடைய பாதையும் வெள்ளவத்தையைத் தொட்டுத்தான் போனது. பிறகு கொஞ்சம் ஒழுங்காக யோசித்தோம். காலையில் சனம் எங்கிருந்து எங்கே போகுது? தூண் ஊன்ற வீதியில் இடம் இருக்கா? டெப்போவுக்குப் பெரிய காணி வேணும், நடு நகரத்தில் அது ஏலாது. ஜப்பான் திட்டத்திலும் அதை மாலபேப் பக்கம்தான் வைத்திருந்தார்கள். அப்போதுதான் கொட்டாஞ்சேனைக்காரி ஒருத்தி கேட்டாள், "முதலில கட்ட எடுத்த பாதை எங்கட பக்கம் வரவே இல்லையே, மட்டக்குளிச் சனம் வேலைக்குப் போறேல்லையா?"

நியாயம். கோட்டையிலிருந்து வடக்கே ஒரு கோடு இழுத்தோம். அழகாக, நேராக வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள் சத்தம் போட்டாள்: "ஐயோ, இது மாமி வீட்டுக்கு மேலால போகுது!" தகரக் கூரையும் ஒட்டி ஒட்டிச் சுவருமாக இருக்கும் வீடுகள் அவை. மாமிக்கு அந்த வீட்டுக்கு உறுதி இல்லை. உறுதி இல்லாதவருக்கு நட்டஈடு என்று யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? கோட்டை நேராகக் கீறும்போது எங்களுக்கு வீடு தெரியவில்லை, நிலையம் மட்டும்தான் தெரிந்தது.

இப்போ அந்தப் பாதையை வளைத்துப் பெரிய வீதியோடு கொண்டுபோயிருக்கிறோம். நீளம் கூடிவிட்டது, அதனால் செலவும் கூடும். ஈடுகட்ட ஒரு நிலையத்தைக் குறைக்க வேணும். எதைக் குறைப்பது என்று இன்னும் சண்டை. வெள்ளவத்தையை எடுக்கலாம் என்கிறாள் அவள்.