கோச்சி இறக்கிவிட்ட இடம்

பதுளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு அது கடைசி நிலையம். ஊவா மலைத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு அங்கேதான் பயணம் தொடங்கும். கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை இது. 1864இல் அம்பேபுஸ்ஸ வரை ஓடியது, 1867இல் கண்டிக்கு ஏறியது. நோய் விழுந்து கோப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை வந்தபிறகு 1885இல் நானு ஓயாவையும், 1924இல் பதுளையையும் தொட்டது. இன்று வெளிநாட்டுப் பயணிகள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பதும் இதே பாதையில்தான். மலையகத் தமிழர் ரயிலைக் 'கோச்சி' என்பார்கள். 1960களின் கடைசியிலிருந்து ஒரு பதினைந்து வருடம் இந்த மலையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே போன வண்டிகளுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் விழுந்தது.

அதில் ஏறியவர்கள் அரசாங்கக் காகிதத்தின்படி 'தாயகம் திரும்புவோர்'. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இந்தக் கணக்கில் அடங்கியவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். கண்ணால் பார்த்திராத ஊருக்கு ஒருவர் எப்படித் 'திரும்ப' முடியும்? அவர்கள் போன வழியை, மலையிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து இன்னொரு மலைக்கும், நிலையம் நிலையமாகத் தொடர்ந்து பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஏதாவது கிடைக்குமா என்பதுதான் என் யோசனை.

பதுளையை விட்டால் ஹாலி-எல. பிறகு தெமோதரை. அங்கே வண்டி நிலையத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தில் நுழைந்து, குன்றைச் சுற்றி ஏறி, அதே நிலையத்தில் வந்து நிற்கும். எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை. பிறகு ஓஹியவைத் தாண்டிப் பட்டிப்பொல, 6,200 அடிக்கு மேலே. அந்த உச்சியில் ஒரு சுரங்கம். அதற்கு இந்தப் பக்கம் வெயிலடித்தால் அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்கும். ஊவாவுக்கு மழை தரும் பருவம் வேறு, மேற்குச் சரிவுக்கு வேறு. தோட்டத்து ஆட்களுக்கு இது நாள்கூலிக் கணக்கு. மழை வந்தால் கொழுந்து துளிர்க்கும், கொழுந்து இருந்தால் அன்றைய கூலிக்குப் பேர் விழும்.

நானு ஓயாவிலிருந்து தலவாக்கலை, கொட்டகலை, அட்டன் வரைக்கும் இரண்டு பக்கமும் தேயிலைதான். இந்தத் தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்களை வாசித்துப் பாருங்கள்: டெவன், செயின்ட் கிளேயர், எடின்பரோ, மொன்ட்ரோஸ். ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த துரைமார் விட்டுவந்த ஊர்ப் பெயரையெல்லாம் காட்டின்மேல் ஒட்டிவைத்தார்கள். அட்டனே ஸ்காட்லாந்துப் பெயர் என்றுதான் சொல்கிறார்கள். ஊர் ஏக்கம் துரைக்கும் இருந்தது. அவருக்கு அதைப் பெயர்ப்பலகையாக அடித்து நட வசதி இருந்தது, அவ்வளவுதான். கூலிகளும் சும்மா இருக்கவில்லை. பல தோட்டங்களுக்குத் தமிழில் தனிப் பெயர் வைத்துக்கொண்டார்கள், துரையின் வாய்க்குள் நுழையாத பெயர்கள்.

அவர்கள் குடியிருந்த லயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வரிசையாகக் கட்டிய அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற சிறு தாழ்வாரம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் மூன்று தலைமுறை. அடுப்புப் புகையில் கரி பிடித்த கூரை, பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும் சுவர். வேலை போனால் அந்த அறையும் போய்விடும். இன்றைக்கும் லயத்தை விட்டு வெளியேறி 7 பேர்ச் நிலத்தில் ஒரு தனி வீடு என்பது மலையகத்தில் பலருக்குக் கைக்கு வராத கனவு. ஆகவே அவர்கள் அட்டன் நிலையத்தில் அழுதது ஏதோ மாளிகையை விட்டுப் போகிறோம் என்பதற்காக அல்ல. லயத்தை அழகாக்கி எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

அப்படியானால் எதற்காக அழுதார்கள்? விடியலில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கொம்பு ஊதும்போது கூடவே எழுந்த ஆட்களுக்காக. எந்த மலையில் எப்போது செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள், எந்த நிரையில் கொழுந்து அடர்த்தியாக நிற்கும், வேலையை மேற்பார்க்கும் எந்தக் கங்காணியிடம் வாய் கொடுக்கக்கூடாது என்று உடம்புக்குத் தெரிந்திருந்ததற்காக. தேயிலைச் செடிக்குக் கீழேயே புதைத்த அம்மாவுக்காக. மாசி மாதத்தில் ஆடும் காமன் கூத்துக்காகவும். அதில் போன வருடம்வரை ரதி வேடம் கட்டிய பையன் இந்த வருடம் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டான். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று விழுந்ததற்காக. குடியுரிமைக்கு மனுப் போட்டவர் ஒருவர், போடாதவர் ஒருவர். கல்யாணமாகிப்போன மகள் இங்கே, பெற்றவர்கள் அங்கே. சாவு வீட்டில் மட்டும் பாடிய ஒப்பாரியை உயிரோடு இருப்பவர்களை வழியனுப்ப ரயில் மேடையில் நின்று பாடவேண்டியிருந்தது. வேறு பாட்டு அவர்களிடம் இல்லை. பிரிவுக்கென்று தெரிந்ததெல்லாம் அதுதான்.

அட்டனுக்குக் கீழே வட்டவளை. இலங்கையில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அதைப் பின்னால் ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கடுகண்ணாவக் கணவாய், பொல்கஹவெல. இங்கே கொழும்புப் பாதையை விட்டு வடக்கே திரும்பவேண்டும். மாஹோ, அனுராதபுரம், மதவாச்சி. பசுமை வடிந்து, வண்டிக்குள் புழுக்கம் ஏறும். மலையில் பிறந்த குழந்தைகள் பலர் வாழ்க்கையில் முதன்முதலாக வேர்த்தது இங்கேதான் இருக்கவேண்டும்.

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் போகும் பாதை 1914இல் வந்தது. அதற்கு முன்பு அந்தக் காட்டை மக்கள் நடந்தே கடந்தார்கள், எதிர்த்திசையில். துறையூர், முசிறி, நாமக்கல், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று பஞ்சம் துரத்திய ஊர்களிலிருந்து ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். பின்னாளில் கழுத்தில் தகர வில்லை கட்டி அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்று அந்த வில்லை சொல்லும். மலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் விட்டுவந்த ஊரை நினைத்துப் பாடிய பாட்டுகள் ஏராளம். சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் அவற்றைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். சோளக் கொல்லையும் கிணற்றடியும் மாமன் வீடும் அந்தத் தலைமுறைக்கு ஊர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே காட்டைக் கோச்சியில் கடந்தபோது தேயிலையும் குளிரும் அவர்களுக்கு ஊராகியிருந்தன. ஏக்கம் ஒன்றுதான், முகம் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. தாத்தாவின் ஏக்கத்தைக் காட்டிப் பேரனை அனுப்பிவைத்தது ஒப்பந்தம் செய்த அநியாயம்.

தலைமன்னார் இறங்குதுறையில் தண்டவாளம் கடலைத் தொட்டு நிற்கிறது. போர்க்காலத்தில் 1990இல் இந்தப் பாதை அழிந்து, 2015 மார்ச்சில்தான் மறுபடி வண்டி ஓடியது. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, இங்கிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் நடந்தே போனது. அந்த நடையில், தாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைவிட, தாங்கள் இந்த மண்ணின் மக்கள் என்பதையே அவர்கள் உரக்கச் சொன்னார்கள்.

கடல் தாண்டினால் தனுஷ்கோடி. அப்படித்தான் 1914இலிருந்து இருந்தது. போட் மெயில் ரயில் வந்து நிற்க, கப்பல் காத்திருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறைவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் பயணிகள் ரயிலையும் ஊரையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. ஆகவே 'தாயகம் திரும்பியவர்கள்' தாத்தாக்கள் புறப்பட்டுப்போன துறையில் இறங்கவில்லை. 'ராமானுஜம்' கப்பல் அவர்களை ராமேஸ்வரத்தில் இறக்கியது. 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. பாஸ்போர்ட் வாங்கிவைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் மலையிலேயே தங்கிப்போனார்கள். அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை 2003இல்தான் சட்டமாகியது.

பாம்பன் பாலத்தைக் கடந்தால் மண்டபம் முகாம். இந்த முகாமைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். இலங்கை அரசு தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்துச் சோதிக்க நடத்திய இடம் இது. அதே முகாமில்தான் அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதிக்கொண்டார்கள். போனபோது கூலி, வந்தபோது அகதி மாதிரி. 1983க்குப் பிறகு உண்மையாகவே அகதிகளுக்கான முகாமாகவும் ஆயிற்று.

இங்கிருந்து எல்லோரும் ரயிலில் போகவில்லை. எந்த மாவட்டம், என்ன உதவி என்று காகிதம் பிரித்துவிடும். நான் தண்டவாளத்தை விடாமல் போகிறேன். இலங்கையில் அகலப் பாதை, ராமேஸ்வரத்தில் அந்நாளில் மீட்டர் பாதை, மேட்டுப்பாளையத்துக்கு மேலே பல்சக்கரப் பாதை. நடுவே திருச்சி. தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1904இல் ஏற்படுத்திய இலங்கைத் தொழிலாளர் ஆணையத்துக்குத் தலைமையிடம் திருச்சிதான். ஆள் சேர்த்த ஊரைச் சுற்றித்தான் திரும்பிவந்தவர்களின் பூர்வீகக் கிராமங்கள் பல. போய்ப் பார்த்தார்கள். பங்காளிகள் இருந்தார்கள், பங்கு இல்லை. சிலருக்கு இனிய முகம் கிடைத்தது. பலருக்கு, 'இவங்க சிலோன்காரங்க' என்ற ஒரு பெயர். அங்கே இந்தியக்காரன், இங்கே சிலோன்காரன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. வியாபாரக் கடன் கொடுத்தார்கள், நூற்பாலைகளில் வேலை கொடுத்தார்கள், இவர்களுக்கும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் என்றே 1969இல் ரெப்கோ வங்கியைத் தொடங்கினார்கள். ஆனால் வாழ்நாளெல்லாம் கொழுந்து கிள்ளிய கைக்குப் பெட்டிக்கடை வைக்கக் கடன் கொடுத்தால் என்ன நடக்கும்? பணம் கரைந்தது. வெக்கையில் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கடையை விற்றுவிட்டு, யாரோ சொந்தக்காரர் எழுதிய கடிதத்தை நம்பி, மலையேறினார்கள். கொடைக்கானல் காடுகளில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. நீலகிரிக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். இவர்களுக்காகவே 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976இல் டான்டீ என்ற அரசு நிறுவனமானது.

பல்சக்கர ரயில் குன்னூருக்கு ஏறும்போது, கல்லாறைத் தாண்டிக் காற்று மாறும். சமவெளியில் சில மாதம் வெந்தவர்களுக்கு அந்தக் காற்று எப்படி இருந்திருக்கும்? உதகையோடு தண்டவாளம் முடிகிறது. அதற்கு மேல் பேருந்து: நடுவட்டம், கூடலூர், தேவாலா, பந்தலூர், கொலப்பள்ளி, சேரம்பாடி. தேவாலா தமிழ்நாட்டில் மிக அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. வட்டவளை மழையில் வளர்ந்தவர்கள் இந்த மழையில் வந்து குடியேறியதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. துளிர்க்கிற இலை, கவ்வாத்துக் கத்தி, வழுக்குகிற செம்மண் பாதை, அட்டைக்கடி எல்லாம் உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்தவை.

கொலப்பள்ளிப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் அருகே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“உங்களுக்குச் சொந்த ஊர் எதும்மா?”

“எங்கப்பாவுக்குத் துறையூர்ப் பக்கம். எனக்குத் தலவாக்கலை தம்பி. இதுங்களுக்கு இதுதான்.” பக்கத்தில் நின்ற பேத்தியின் தலையில் கை வைத்தார்.

“துறையூர் போயிருக்கீங்களா?”

“ஒருக்கா. அப்பா சொன்ன கெணத்தக் காட்டச் சொன்னேன். தூத்துட்டாங்களாம்.”

பிறகு அவர் பேசியதெல்லாம் தேங்காய் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் பற்றி. இங்கே மாசிக்கருவாடு நன்றாக இல்லையாம். தேத்தண்ணியும் சரியில்லையாம். பாலூற்றிக் கெடுத்துவிடுகிறார்களாம். வெறுந்தேயிலைச் சாயத்தை, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிக்கவேண்டுமாம். தேயிலை விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு தேநீர் சரியில்லை என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தன் வீட்டில் இருக்கிறவர்கள்தான் இப்படித் தாராளமாகக் குறை சொல்லுவார்கள்.

ஆனால் வீடு யாருடையது? டான்டீ குடியிருப்பில் இருப்பவர்கள் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும். வேலை போனால் அறையும் போகும் என்ற லயத்துச் சட்டம் கடல் கடந்தும் கூடவே வந்திருக்கிறது. தனியாகக் குடிசை போட்டவர்களுக்கு வேறு சிக்கல். கூடலூர்ப் பகுதி நிலத்தில் பெரும்பகுதி ஜன்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் பழைய ஜன்ம நிலம். 1969ஆம் ஆண்டின் ஜன்ம ஒழிப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவின்கீழ் வரும் இடங்களில் பட்டா கிடைப்பதில்லை. மின்சாரம்கூடப் பல வீடுகளுக்கு நெடுங்காலம் எட்டவில்லை. வாக்காளர் அட்டை இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, ஓட்டுக் கேட்டு எல்லாக் கட்சியும் வருகிறது. அந்த அம்மாவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து இங்கே இரண்டு சென்ட் வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். திருப்பூரிலேயே வாங்கலாமே என்று கேட்டேன். “அங்க யாரு தம்பி இருக்கா?” என்றார்.