பெயர்ப்பலகை

பாரிசில் பார்க்க எவ்வளவோ இருக்க, நான் கானுக்குள் இறங்க ஆசைப்பட்டது மருமகனுக்குச் சிரிப்பாக இருந்தது. "ஈபல் கோபுரம் அந்தா தெரியுது மாமா. நீங்க கானுக்குள்ள போகப் போறீங்களா?" என்றான். பள்ளிக்கூட நாட்களில் வாசித்த 'ஏழை படும் பாடு'தான் காரணம். காயப்பட்ட இளைஞனைச் சுமந்துகொண்டு ழான் வல்ஜான் நடந்த அந்த இருட்டு இன்னமும் மனதை விட்டுப் போகவில்லை.

செயின் நதியின் இடது கரையில், அல்மா பாலத்தருகே இருக்கிறது அந்தக் கழிவுநீர் நூதனசாலை. சில வருடங்கள் பூட்டிக்கிடந்து 2021இல் புதுப்பித்துத் திறந்தார்கள். நூதனசாலை என்று பெயர்தான். காலடியில் நிஜமான அழுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. வாடையும் நிஜம்.

1832இல் கொலரா 18,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நகரம் இது. 1850களில் பெல்கிராண்ட் என்ற பொறியியலாளர் திட்டமிடத் தொடங்கிய சுரங்கங்கள் இன்று 2,400 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டன. ஆற்றுக்கு அடியால் போகும் குழாயைத் துப்புரவாக்க ஒரு பெரிய பந்தை உருட்டி விடுவார்களாம். குழாயைவிடச் சற்றே சிறிய பந்து. பின்னால் தேங்கும் நீர் அதன் ஓரங்களால் பீறிட்டு, முன்னால் படிந்த சேற்றை அடித்துக்கொண்டு போகும். எவ்வளவு எளிய யுக்தி! 1867இலேயே இதையெல்லாம் பார்க்கப் பொதுமக்களை உள்ளே விட்டிருக்கிறார்கள்.

சுரங்கச் சுவர்களில் பெயர்ப்பலகைகள் இருந்தன. மேலே என்ன தெருவோ, கீழே கானுக்கும் அதே பெயர். தொழிலாளரின் நீண்ட றப்பர் சப்பாத்துகள், கருவிகள், புகைப்படங்கள். அவற்றின் முன்னால்தான் என் கால்கள் நின்றுவிட்டன.

எங்கள் ஊரில் அப்போது வாளிக் கக்கூசு. சுபஹுக்கு முன்னரே பின் ஒழுங்கையால் ஒருவர் வருவார். வெறுங்கால், வெறுங்கை. தண்ணீர் கேட்டால் உம்மா சிரட்டையில் ஊற்றித் தருவா. கொண்டுபோய்க் கொடுப்பது நான். குடித்ததும் சிரட்டையை வேலிக்கு அப்பால் எறிந்துவிடச் சொல்லியிருந்தா. எறிவேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே எறிவேன்.

இதை மருமகனிடம் சொன்னேன். அவன் புகைப்படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாமா, நானும் இரவில ஒரு ஒபிசில கக்கூசுதான் கழுவுறன். உம்மாக்குச் சொல்லிராதீங்க."

ஊரில் அவனைக் கணக்காளர் என்று சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன்.

அன்றிரவு ராத்தா தொலைபேசியில் மகனை விசாரித்தா. நல்லா இருக்கான் என்றேன். பிறகு, வாளி எடுக்க வந்தவரின் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"யாருட பேர்?"

சிரட்டையை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நாங்க பேர் கேக்கல்லையே தம்பி" என்றா.