விராலடிப்பானும் கடற்கழுகின் கூடும்

பெப்ரவரி 3
வாடைக் காற்று அடங்கிவிட்டது. தம்பலகாமக் குடாவில் அலையே இல்லை. கிண்ணியாப் பாலத்துக்கு இப்பால், மீனவர் நட்ட கம்பொன்றில் விராலடிப்பான் இருந்தது. கண்ணின் குறுக்கே கறுத்த பட்டை, வெள்ளை வயிறு. 6.40க்கு எழும்பி, ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று, கால்களை முன்னே நீட்டியபடி நீரில் விழுந்தது. மேலே வந்தபோது கையளவு மீன். பறந்துகொண்டே மீனின் தலை முன்பக்கம் வருமாறு காலாலேயே திருப்பிக்கொண்டது. அதன் வெளிவிரல் பின்னுக்கும் திரும்பும். இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. உள்ளங்காலில் முள் போன்ற செதில்கள். வழுக்கும் மீன் தப்புவது கடினம்.

பெப்ரவரி 4
நண்பர் ஒரு படம் அனுப்பியிருந்தார்: 'திருகோணமலையில் விராலடிப்பான் கூடு'. கூட்டில் நின்றதோ வெண்வயிற்றுக் கடற்கழுகு. கண்பட்டை இல்லை. விராலடிப்பான் வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க மட்டுமே இலங்கைக்கு வருகிறது. பெயர் மாறியது பெரிய விடயமில்லை. படம் கூட்டுக்கு மேலேயிருந்து, ட்ரோனால் எடுக்கப்பட்டது. தாய் வாயைத் திறந்து மேலே பார்த்துக் கத்துகிறது. அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

பெப்ரவரி 9
அந்தக் கூட்டைப் பார்க்கத் தோணியில் போனோம். தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தினார் தோணிக்கார நானா. “எங்கட வாப்பா காலத்திலயும் இதே மரந்தான் தம்பி,” என்றார். கடற்கழுகுகள் பழைய கூட்டுக்கே திரும்பி வந்து, ஆண்டுதோறும் சுள்ளி சேர்க்கும். கூட்டில் வெள்ளைத் தூவியோடு ஒரு குஞ்சு. ஆண் பறவை கடற்பாம்பு ஒன்றைக் கொண்டுவந்து போட்டது. 600 மி.மீ. லென்சிலும் எல்லாம் சிறிதாகத்தான் தெரிந்தது. பரவாயில்லை.

அப்போது வேகப் படகொன்று மரத்தடிக்கே வந்தது. ஆட்கள் கைதட்டினார்கள். தாய் எழும்பிப் போய்விட்டது. திரும்பி வர 23 நிமிடம். அதுவரை குஞ்சு வெயிலில் கிடந்தது. பக்கத்துக் கிளையில் இரண்டு காகம். நானா துடுப்பால் தோணியின் விளிம்பில் தட்டித் தட்டிக் காகங்களை விரட்டினார்.

பெப்ரவரி 11
மழை. வில்லியம் வின்சென்ட் லெக் எழுதிய இலங்கைப் பறவைகள் நூலைப் புரட்டினேன். பீரங்கிப் படை அதிகாரி. நூல் வெளிவந்தது 1878 - 80இல். பறவையைச் சுட்டு வீழ்த்தித்தான் அந்தக் காலத்தில் ஆராய முடிந்தது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மார்ச் 1
விராலடிப்பான் மீனோடு எழும்பியதும் கடற்கழுகு பின்னால் வந்தது. மூன்று சுற்று. கடைசியில் விராலடிப்பான் மீனை விட்டுவிட்டது. நீரில் விழுமுன் கடற்கழுகு பிடித்துக்கொண்டு கூட்டுப்பக்கம் போனது. படம் மங்கலாக வந்தது. அழிக்க மனமில்லை.

மார்ச் 15
புறாத்தீவு. மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு வைக்கும் தீவு, பெயரும் அதனால்தான். 2003 முதல் தேசியப் பூங்கா. கூட்டம் அதிகம், சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 6
கம்பில் விராலடிப்பானைக் காணவில்லை. ஐந்து நாளாயிற்று. வடக்கே புறப்பட்டிருக்க வேண்டும். கடற்கழுகுக் குஞ்சு, இப்போது பழுப்பு நிறம், கூட்டின் விளிம்பில் நின்று சிறகடிக்கிறது.

அந்த மரம் எங்கே நிற்கிறதென்று நான் எழுதவில்லை. நீங்கள் கண்டாலும் எழுதாதீர்கள். ட்ரோனை அங்கே அனுப்பாதீர்கள். தோணியைத் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.