பிராட்ஃபோர்ட் மாணவிகள்: சில குறிப்புகள்

1980களின் பிராட்ஃபோர்ட், இங்கிலாந்து. கம்பளி ஆலை வேலைக்காக, பெரும்பாலும் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மிர்ப்பூர் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். அவர்களுடைய பெண்களும் உள்ளூர் வெள்ளைக்காரப் பெண்களும் ஒரே பள்ளிக்கூடங்களில். மம்ஃபோர்ட், வைட்ஹவுஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எல்லோருக்கும் சாப்பாடு பற்றிய வினாத்தாள் கொடுத்தார்கள். மதிப்பெண் எகிறியவர்களை உட்காரவைத்து விசாரித்தார்கள். 1988-ல் வந்த முடிவு: ஆசியப் பெண்கள் 204 பேரில் 7 பேருக்குப் புலிமியா. வெள்ளைக்காரப் பெண்கள் 355 பேரில் 2 பேருக்கு.

புலிமியா: வயிறு முட்டத் தின்பது, பிறகு வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ ஈடுகட்டுவது. மருத்துவத்தில் இதற்குப் பெயர் வைத்தே அப்போது பத்து வருடம் ஆகியிருக்கவில்லை (ஜெரால்டு ரஸல், 1979).

7 பேரை வைத்து ஒரு சமூகத்தை எடைபோட முடியாதுதான். ஆனாலும் ஆசியப் பெண்களிடம் ஏன் கூடுதல்?

'மேல்நாட்டு மோகம், ஒல்லியாக ஆகப் பார்க்கிறார்கள்' என்று சொல்லிவிடலாமா? அதே பிராட்ஃபோர்ட் மாணவிகளைப் பற்றி மம்ஃபோர்ட் குழு 1991-ல் எழுதிய கட்டுரை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆசியப் பெண்களில் மதிப்பெண் கூடியவர்கள் பெரும்பாலும் பழைய வழக்கத்தை விடாத வீட்டுப் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு மாதிரி, பள்ளிக்கு ஒரு மாதிரி நடக்கவேண்டிய இழுபறி அவர்களுக்குத்தானே அதிகம்? பாகிஸ்தானிலேயே, லாகூரின் ஆங்கிலவழிப் பள்ளிகளில் இதே மம்ஃபோர்ட் குழு 369 பெண்களிடம் கேட்டபோது புலிமியா ஒரே ஒருத்திக்கு.

அவர்கள் கொடுத்த வினாத்தாளையும் பார்த்தேன். டொராண்டோவில் உருவானது, 26 கேள்விகள், 20 வந்தால் எச்சரிக்கை. 'எப்போதும்' என்றால் 3 மதிப்பெண். சாப்பிடு சாப்பிடு என்று மற்றவர்கள் நெருக்குகிறார்களா? இன்னும் கொஞ்சம் சாப்பிட்டால் தேவலை என்று நினைக்கிறார்களா? ரொம்ப ஒல்லி என்கிறார்களா? நம் வீட்டுப் பெண் எவளும் மூன்றுக்கும் 'எப்போதும்' போடுவாள். நோயே இல்லாமல் 9! ("என்னடி, துரும்பா இளைச்சுட்டே?" என்று கேட்கும் அத்தைதான் கல்யாணப் பேச்சு வந்ததும் "சோத்தைக் குறைடி" என்பாள்.) ஆகவே வெறும் மதிப்பெண்ணை வைத்து குடியேறிய பெண்களையும் உள்ளூர்ப் பெண்களையும் ஒப்பிடும் ஆய்வுகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். அந்த 7 பேர் கதை வேறு. நேரில் பேசி உறுதி செய்யப்பட்டவர்கள்.

இங்கிலாந்தின் லெஸ்டரில் இதுபோன்ற உணவுக் கோளாறுகளுக்கென்றே உள்ள சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களைக் கணக்கெடுத்தார்கள் (2010). தெற்காசியர்கள் அவ்வூர் மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் வரவில்லை. நோய் குறைவு என்றும் வாதிடலாம். எனக்குத் தோன்றுவது, வீட்டில் அதை 'அல்சர்', 'பித்தம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். டாக்டரிடம் போனாலும் வாந்தி என்று மட்டும் சொல்கிறார்கள். மதியச் சாப்பாட்டைத் தொடாமல் தினமும் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கும் பெண் முதலில் கண்ணில் படுவது வகுப்பு டீச்சருக்குத்தான். பிராட்ஃபோர்டில் அந்த 7 பேரைக் கண்டுபிடித்ததும் பள்ளிக்கூடத்தில்தான், ஆஸ்பத்திரியில் அல்ல.